கமலாவதி அடித்த கற்பூரம்

கமலாவதி தன் வாழ்நாளில் ஒரேயொரு பெரிய பொய்தான் சொன்னாள். கருவாடு விற்கிறபோது சொன்னவற்றை நான் பொய்யில் சேர்க்கவில்லை, அது தொழில். அந்தப் பெரிய பொய்யை அம்மன் கோவில் வாசலில், ஊர் பார்த்திருக்க, கற்பூரம் அடித்துச் சொன்னாள். நாவலடித்துறையில் முப்பது குடும்பங்கள் அதன் மேலேதான் வீடு கட்டிக் குடியிருந்தன.

ஐம்பத்தாறாம் ஆண்டில் அவளுக்கு இருபத்தொரு வயது. புருசன் இளையதம்பி கடலுக்குப் போகிறவன். அந்தக் கரையில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வலை இழுத்த சனத்துக்குச் சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. கடல் பொது, கரை நாகலிங்கத்தாருடையது. அவருடைய தென்னங்காணியின் ஓரத்தில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நாகலிங்கத்தாரைக் கெட்ட மனுசன் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கோபம் வந்தால் "கொட்டிலைப் பிரி" என்பார். ஒருமுறை தேங்காய் களவு போயிற்றென்று ஏழு கொட்டில்களை ஒரே பகலில் பிரிப்பித்தார். எடுத்தவன் அவருடைய காவல்காரன் என்று பிறகு தெரியவந்தது. பிரித்தது பிரித்ததுதான்.

தென்னங்காணிக்குக் கிழக்கே கிடந்தது அரசாங்க மணல். தாழையும் இராவணன் மீசைப் புல்லும் முளைத்த வெறும் நிலம், மாரியில் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும். உயிரோடு ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். பெரியவர்கள் செத்தால் சுடலைக்குக் கொண்டுபோய் எரிப்பார்கள். பல் முளைக்காத குழந்தை செத்தால் எரிப்பதில்லை, மண்ணில் தாழ்ப்பதுதான் வழக்கம். கிரியை இல்லை, எட்டு இல்லை, அந்தியேட்டி இல்லை. தகப்பன் பிள்ளையை வெள்ளைச் சீலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு மணலுக்குப் போவான். சற்று நேரத்தில் வெறுந்தோளோடு வந்து கிணற்றடியில் குளிப்பான். பெண்கள் போவதில்லை. எந்த இடம் என்று கேட்பதும் இல்லை. அந்த மணலை யாரும் சுடலை என்று சொன்னதில்லை, அப்படி நினைத்ததுகூட இல்லை. ஆனால் கொட்டிலுக்கு ஒன்று, இரண்டு என்று அங்கே கிடந்தது.

கமலாவதியின் தலைப்பிள்ளை பெண். பத்தொன்பதாம் நாள் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியாதபடியால் அதற்குப் பெயரும் வைத்திருக்கவில்லை. கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத மழை. இளையதம்பியும் அடுத்த கொட்டில் கந்தப்புவும் மண்வெட்டியோடு போனார்கள். திரும்பி வந்தவனிடம், கிடந்த கிடையில், கேட்கக்கூடாததை அவள் கேட்டாள்.

"எங்கை வைச்சனீங்கள்?"

"மணலுக்கைதான். பேசாமல் படு."

அடுத்த வருடம் ஒரு கதை வந்தது. காணியில்லாத கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு அரசாங்க மணலை ஒதுக்கப்போகிறார்களாம், வீட்டுக்கு நாலு பரப்பாம், கையில் அனுமதிக் கடுதாசி, பேர்மிற், தருவார்களாம். முதலில் ஒருவரும் நம்பவில்லை. ஊர் அதிகாரியான விதானையார் வந்து பெயர் பதிந்தபோதுதான் நம்பினார்கள்.

நாகலிங்கத்தாருக்கு அது பிடிக்கவில்லை. அந்த மணலில் ஒரு துண்டை ஏற்கெனவே தென்னம்பிள்ளை வைத்து மெல்ல வளைத்திருந்தார். அவர் கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு, ஒரு பெட்டிசம் எழுதினார். அது பிணம் தாழ்க்கிற இடம், அங்கே ஆட்களைக் குடிவைக்கலாகாது என்பது பெட்டிசத்தின் சாரம். எரிச்சலில் எழுதினாலும் மனுசன் உள்ளதைத்தான் எழுதியிருந்தார். சேமக்காலையோ சுடலையோ இருக்கிற காணியைக் குடியிருக்கக் கொடுக்கமாட்டார்கள் என்று விதானையார் சொன்னபோது கொட்டில்களில் அடுப்பு எரியவில்லை.

ஆனி மாதம் காணிக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரி டி.ஆர்.ஓ. விசாரணைக்கு வந்தார். மேசை போட இடமில்லாமல் அம்மன் கோவில் வாசலில் கதிரை போட்டார்கள். ஒரு பக்கம் நாகலிங்கத்தார், மறுபக்கம் சனம்.

"இந்த நிலத்திலை ஆரையும் தாட்டிருக்கிறியளோ?" என்று டி.ஆர்.ஓ. கேட்டார்.

"இல்லை ஐயா," என்றார்கள் ஆண்கள். எல்லாரும் நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நாகலிங்கத்தார் சிரித்தார். "ஆம்பிளையளின்ரை கதையை விடுங்கோ ஐயா. பெத்தவள் ஒருத்தி வந்து கற்பூரம் அடிச்சுச் சொல்லட்டும். சொன்னால் இந்தப் பெட்டிசத்தை நான் இதிலையே கிழிச்சுப்போட்டுப் போறன்."

"உதெல்லாம் தேவையில்லாத வேலை," என்று டி.ஆர்.ஓ. முகம் சுளித்தார். ஆனால் அதற்குள் யாரோ படிக்கல்லில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தியாயிற்று. ஊருக்கு வேடிக்கை என்றால் நெருப்புப்பெட்டி எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

பெண்கள் அசையவில்லை. பராசக்திக்கு அந்த மணலில் இரண்டு பிள்ளை. நல்லம்மாவுக்கு மூன்று. ஒவ்வொருத்தியும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மற்றவளைப் பார்த்தாள். கற்பூரம் கரைந்துகொண்டு வந்தது. அணைந்துவிட்டால் காணியும் போய்விடும்.

கமலாவதிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். வரப்போகிற பிள்ளை, ஒருவர் கோபித்தால் பிரிக்கிற கொட்டிலில் பிறக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தாள். போன பிள்ளையை அந்தக் கணத்தில் அவள் நினைக்கவேயில்லை. பிற்காலத்தில் அவளை அரித்தது அதுதான். முன்னுக்குப் போனாள்.

"இந்த மணலுக்கை என்ரை பிள்ளை இல்லை. ஆற்றை பிள்ளையும் இல்லை."

எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள். நாகலிங்கத்தார் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்ன சொல் தவறாமல் பெட்டிசத்தை டி.ஆர்.ஓ.விடமிருந்து வாங்கி நாலாகக் கிழித்து, துண்டுகளை மடியில் செருகிக்கொண்டு போனார். அந்த மனுசன் நம்பிவிட்டார். அவளுக்கு அது பெரிய ஆச்சரியம்.

காணி கிடைத்தது. சேவையர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, நடுவே கடற்கரைக்கு இறங்க ஒரு றோட்டுக்கும் இடம் விட்டு, முப்பது துண்டு பிரித்தார். எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். இளையதம்பிக்கு விழுந்தது கடலோரத் துண்டு. வாசலிலிருந்தே வள்ளத்தைத் தள்ளலாம். அவன் அன்று சந்தோசத்தில் கள்ளுக்குடித்துப் பாடினான்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மாற்றுப்படலம் தொடங்கிற்று. பராசக்தி வீட்டார் றோட்டோரத் துண்டை விட்டுப் பின்னாலுள்ள பள்ளத்தைக் கேட்டார்கள். நல்லம்மா நிழல் மரம் நின்ற துண்டைக் கொடுத்துவிட்டு, தாழை மண்டிய மூலைக்குப் போனாள். பேர்மிற்றில் பெயர் ஏறமுன் பதினொரு குடும்பங்கள் துண்டு மாறின. "நல்லதை விட்டுக் கூடாததைக் கேக்கிற சனத்தை நான் எங்கையும் காணேல்லை," என்று சேவையர் தலையில் கை வைத்தார். பெண்கள் புருசன்மாரின் வாயைக் கிளறி இடம் கேட்டு அறிந்திருந்தார்கள். தன் பிள்ளைக்கு மேலே இன்னொருத்தி அடுப்பு மூட்டுவதை எவள் பொறுப்பாள்?

கமலாவதியும் கேட்டாள். இளையதம்பி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் குறி சொன்னான்.

கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டை, பாரை, கண்டுபிடிக்கக் கரையில் குறி பார்ப்பார்கள். ஒரு பக்கத்தில் இரண்டு அடையாளம் ஒன்றின் பின் ஒன்று மறைய வேண்டும், மறுபக்கத்திலும் இரண்டு மறைய வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் பார் அடியில் இருக்கும். அந்தச் சனம் மீன் விலையில் பொய் சொல்லும், வயதில் பொய் சொல்லும். குறியில் சொல்லாது. சொன்னால் நம்பிப் போனவன் வள்ளம் உடைந்து சாவான்.

"கோயில் மணிக்கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு மறையவேணும். மற்றப் பக்கம் வெளிச்சவீடும் மடத்து முகடும் மறையவேணும். அதிலை நிண்டு பார்."

அவள் போய், முன்னுக்கும் பின்னுக்குமாக அடி எடுத்து வைத்து, இரண்டும் மறைகிற இடத்தைப் பிடித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் சேவையரின் வெள்ளைக் கட்டைகள் நேர்கோட்டில் நின்றன. அவள் நின்ற இடம் நடு றோட்டு.

றோட்டை யாரோடும் மாற்ற முடியாது. மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் வளவுக்குள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்குமாகச் சத்தியம் பண்ணினவளின் பிள்ளை, வண்டிலும் மாடும் மிதிக்கிற பாதைக்குக் கீழே போயிற்று. அது தனக்கு அம்மன் தந்த கூலி என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்கத் தொடங்கியது. பேய்க்கதை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கேட்டது உச்சி வெயிலில், ஆண்கள் கடலாலே வந்து உறங்குகிற நேரத்தில், சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு போகையில். அழப்போகிற குழந்தை அழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்குமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான். பிறகு அழுகை வராது. கமலாவதி கையில் கருவாட்டுப் பெட்டியோடு வாசலில் நின்று அந்த அழுகைக்காகக் காத்திருப்பாள். அழுதுவிட்டால் நல்லது என்று தோன்றும். அது அழவே இல்லை.

அவள் அந்த இடத்தை மிதிக்கமாட்டாள். ஒதுங்கி, வேலியோரமாக நாலு எட்டு வைத்துப் போவாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒதுங்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் ஒதுங்கினார்கள். கொஞ்சக் காலத்தில் சைக்கிள்காரரும் அந்த இடத்தில் வளைத்து ஓடினார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கார்த்திகை விளக்கீடு அன்று பொழுது படுகையில் எல்லா வீட்டு வாசலிலும் பந்தம் எரிய, றோட்டு நடுவே தனியாக ஒன்று எரியும். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. சொன்னால் பேர்மிற் போய்விடும் என்ற பயம் எல்லார் வயிற்றிலும் இருந்தது.

இளையதம்பி அந்தப் பந்தத்தைப் பார்க்கமாட்டான். விளக்கீடு அன்று எப்படியோ ஒரு சாட்டுச் சொல்லிக் கடலுக்குப் போய்விடுவான். துக்கம் என்று அவள் நினைத்தாள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் போனவன் வரவில்லை. இரண்டு பெடியளையும் ஒரு பெட்டையையும் அவள் கருவாட்டில் வளர்த்து ஆளாக்கினாள். வள்ளத்துக்கென்று அவன் ஆசைப்பட்ட கடலோரத் துண்டில் மீன் காய்ந்தது.

எழுபத்தொன்பதில் அந்தக் கொலனி றோட்டுக்குத் தார் போட உத்தரவு வந்தது. கல்லும் சல்லியும் லொறியில் வந்து குவிந்தன. வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர் இராசநாயகம் நல்ல மனுசன், கண்டிப்பானவர். உருளை அடுத்த நாள் வரும் என்றார்.

கமலாவதிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மண் என்றால் ஒதுங்கிப் போகலாம். தாரை ஊற்றி உருளையால் நசித்துவிட்டால், பிள்ளை பிறகு எந்தக் காலத்தில் மூச்சு விடும்? இப்படித்தான் யோசித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்துநாலு வயது, மூத்தவன் சவூதிக்குப் போகக் கடுதாசி எடுத்துக்கொண்டிருந்தான், இருந்தும் இப்படித்தான் யோசித்தாள்.

விடிந்ததும் போய் றோட்டு நடுவில் நின்றாள்.

"ஓவசியர் ஐயா, இதுக்குக் கீழை என்ரை பிள்ளை கிடக்குது. நான் எடுத்தபிறகு தாரைப் போடுங்கோ."

சனம் கூடிவிட்டது. "கமலாவதி, வாயைப் பொத்து!" என்று பராசக்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கள் எல்லாற்றை காணியும் போகப்போகுது. விசரே உனக்கு?"

"நான்தானே பொய்ச்சத்தியம் பண்ணினது? நானே சொல்லுறன். போறதெண்டால் என்ரை காணி போகட்டும்," என்றாள் கமலாவதி. இருபத்திரண்டு வருடம் அடக்கினது, அழுகையும் சளியுமாக வெளியே வந்தது. கோவில் வாசலில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

இராசநாயகம் தொப்பியைக் கழற்றினார். தன் வேலை றோட்டுப் போடுவது மட்டுந்தான், காணி விசயம் தன் காதில் விழவில்லை என்றார். பிறகு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, அவள் காட்டிய இடத்தில் மெல்லக் கிண்டச் சொன்னார்.

முழங்கால் ஆழம் கிண்டினார்கள். இடுப்பளவு கிண்டினார்கள். அகலப்படுத்தினார்கள். சீலைத் துண்டு இல்லை, எலும்பு இல்லை, கறுத்த மண்கூட இல்லை. கைபடாத வெள்ளை மணலும், கீழே ஊறிவரும் பச்சைத் தண்ணீருமாக இருந்தது.

"அம்மா, இதிலை ஒருநாளும் ஒருத்தரும் மண்வெட்டி வைக்கேல்லை," என்றான் கிண்டினவன். "மண்ணைப் பாத்தால் எங்களுக்குத் தெரியும்."

கமலாவதி குழிக்குள் இறங்கிக் கையால் கிண்டத் தொடங்கினாள். குறி பிழைக்காது, அவர் குறி பிழைக்காது என்று சொல்லிக்கொண்டே கிண்டினாள். பார்க்கச் சகிக்காமல் சனம் முகத்தைத் திருப்பியது.

அப்போது கந்தப்பு தடியூன்றிக்கொண்டு வந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குழி விளிம்பில் குந்தி இருந்தார்.

"பிள்ளை, மேலை வா. அதிலை இல்லை."

"எங்கை அண்ணை?"

"அண்டைக்கு மழை. மணல் முழுக்க வெள்ளம். வெட்ட வெட்டத் தண்ணி ஊறி வந்திது. தண்ணிக்கை வைக்க அவனுக்கு மனம் வரேல்லை. உங்கடை பழைய கொட்டிலுக்குப் பின்னாலை, வேலியோரம், மேட்டிலை வைச்சம். நாகலிங்கத்தாற்றை காணி. தெரிஞ்சால் அண்டைக்கே கொட்டிலைப் பிரிச்சிருப்பார். அதாலை உனக்கும் சொல்லேல்லை."

அவள் குழிக்குள் நின்றபடியே அவரைப் பார்த்தாள். "அப்ப ஏன் எனக்கு இந்த இடத்தைக் குறி சொன்னவர்?"

கந்தப்பு தடியைக் கீழே வைத்தார். "மற்றவளவை துண்டு மாத்தினவளவை. வேறை எந்தத் துண்டைச் சொன்னாலும் நீயும் மாத்தக் கேப்பாய். அவனுக்குக் கடலோரம் வேணும். றோட்டை மாத்தேலாதே. அதுதான் றோட்டைச் சொன்னவன். உள்ளதைச் சொன்னால் நீ பிள்ளையை விட்டிட்டு மணலுக்கு வரமாட்டாய் எண்டும் பயந்தவன். பிறகு பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தவன், பிள்ளை."

செத்த புருசனைத் திட்ட அவள் வாய் திறந்தாள். அதற்குள் பழைய கொட்டில் நினைவுக்கு வந்தது. பிள்ளை செத்தபிறகும் எட்டு மாதத்துக்கு மேல் அந்தக் கொட்டிலில்தான் இருந்தாள். பிள்ளைக்கு ஐந்து முழம் தள்ளிப் படுத்திருந்தாள், சமைத்திருந்தாள். அங்கே ஒரு சத்தமும் கேட்டதில்லை. பேர்மிற் கிடைத்த நாளில் கிடுகு கிடுகாகத் தானே பிரித்து, பின்னாலும் பார்க்காமல், சிரித்துக்கொண்டு மணலுக்கு வந்தாள்.

குழியை மூடினார்கள். பின்னேரம் உருளை ஓடிற்று.

அடுத்த நாள் காலையில் குளித்து, தோய்த்த சீலை உடுத்திக்கொண்டு அவள் நாகலிங்கத்தார் வீட்டுக்குப் போனாள். தென்னங்காணியைச் சுற்றி இப்போது ஆளுயர மதில். நாகலிங்கத்தார் மிகவும் தளர்ந்துபோய்ச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கண் நன்றாகத் தெரிந்தது. அவளைக் கண்டதும் மட்டுப்பிடித்துவிட்டார்.

"கற்பூரம் அடிச்சவளெல்லே? நேற்று றோட்டைக் கிண்டினியளாம். ஒண்டும் இல்லையாம். இப்ப என்ன?"

"ஐயா, என்ரை பிள்ளை உங்கடை காணிக்கை கிடக்குது. எங்கடை கொட்டில் நிண்ட இடத்திலை. ஒருக்காப் பாக்க விடுங்கோ. ஒண்டும் எடுக்கமாட்டன். இருந்து பாத்திட்டுப் போறன்."

"என்ரை காணிக்கையோ?" கிழவர் எழுந்து உட்கார்ந்தார். "அரசாங்கக் காணியை எடுத்தியள். ஒதுக்கினது சரி, எடுத்தது சரி. இனி இதுக்கையும் பிள்ளை கிடக்குதெண்டு விளக்கு வைப்பியள், பிறகு கோயில் கட்டுவியள், பிறகு இதையும் ஒதுக்கித் தா எண்டு பெட்டிசம் வரும். எனக்குத் தெரியாதே?"

"அம்மனாணை ஐயா. இண்டைக்கும் கற்பூரம் அடிக்கிறன்."

"வேண்டாம்," என்றார் நாகலிங்கத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உன்ரை சத்தியத்தை ஒருக்கா நம்பினன். அது பொய்யெண்டு நேற்று நீயே றோட்டிலை நிண்டு சொன்னனியாம்."

"இல்லை ஐயா," என்று கமலாவதி மன்றாடினாள். "என்ரை பங்குக்கு அது உண்மை. அந்த மணலுக்கை என்ரை பிள்ளை இல்லைத்தான். இஞ்சைதான் இருக்குது. அண்டைக்கும் இஞ்சைதான் இருந்தது."

கிழவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் எகத்தாளம் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளக் கேட்கிறவர்போலத்தான் கேட்டார்.

"அப்ப ஏன் பிள்ளையை விட்டிட்டுப் போனனீங்கள்?"

கமலாவதி கொட்டில் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் முற்றத்தில் நின்றாள். பிறகு வேலைக்காரி வந்து, ஐயா உறங்கிவிட்டார், போகட்டாம் என்று சொல்லி, அவளை வெளியே விட்டுப் படலையைச் சாத்தினாள்.